"எழுதிக் கொடுத்தாள்" என்பதா, "எழுதி வாங்கினார்கள்" என்பதா? புகார் மனுவில் எந்தச் சொல்லை வைப்பது?

அல்சூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு புகார் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன், உதவி வேண்டும்.

என் அண்ணி பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்தவர், ஏழு வருடமாக அதே கட்டடம். போன மாதம் ஒரு நாள் பெண்களை ஒவ்வொருவராக பேஸ்மென்ட்டில் இருக்கும் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள். "சொந்தக் காரணங்களால் வேலையை ராஜினாமா செய்கிறேன்" என்று அதில் இருப்பதாக சூப்பர்வைசர்தான் படித்துச் சொன்னார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டீகூடக் கொடுத்தார்கள். "கையெழுத்துப் போட்டீங்கன்னா இந்த மாசச் சம்பளம் வெள்ளிக்கிழமை அக்கவுன்ட்ல ஏறிடும். போடலைன்னா எப்போ வரும்னு எனக்கே தெரியாதும்மா." இவ்வளவுதான் பேச்சு. அண்ணி போட்டுவிட்டார். ஐடி கார்டை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது போய்க் கேட்டால், "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலை. கேட்டோம், எழுதிக் கொடுத்தாங்க" என்கிறார்கள். என் அண்ணனே, "யாரும் கையைப் பிடிச்சு எழுத வைக்கலையே, அப்புறம் எப்படிக் கட்டாயம்னு எழுதுவே?" என்று கேட்கிறார். அண்ணிக்கோ மனசு ஆறவில்லை. "நானா எழுதிக் கொடுத்தேன்? எழுதி வாங்கினாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

கட்டாயம், வற்புறுத்தல், நிர்ப்பந்தம், பலவந்தம், மிரட்டல் என்று எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்துவிட்டேன். நடந்ததற்குப் பொருந்துகிற சொல் எது? முதலில் தமிழில் எழுதி, அண்ணிக்குப் படித்துக் காட்டி, அப்புறம் கன்னடத்தில் மாற்றி லேபர் ஆபீஸில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

---

சிவாஜிநகர் பையன்:

அக்கா, மிரட்டல்னு எழுதுங்க. சம்பளம் வராதுன்னு சொன்னது மிரட்டல் இல்லாம வேற என்ன?

---

பழைய வாத்தியார், ஜாலஹள்ளி:

அவசரப்பட்டு ஒரு சொல்லைப் போட்டுவிட வேண்டாம் அம்மா. இவையெல்லாம் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தான், ஆனால் ஒரே வேலையைச் செய்வதில்லை.

"கட்டாயம்" நம் பேச்சில் இரண்டு விதமாகப் புழங்குகிறது. "கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடணும்" என்கிறவர் யாரையும் நெருக்கவில்லை. நிச்சயமாக வா என்று பாசத்தோடு சொல்கிறார். கட்டாயக் கல்வி, கட்டாய ஹெல்மெட், அரசு ஊழியருக்குக் கட்டாய ஓய்வு என்னும்போது பின்னால் ஒரு சட்டமோ விதியோ நிற்கிறது. 1938-இல் சென்னை மாகாணத்தில் 125 பள்ளிகளில் இந்தியைப் பாடமாக்கி ஆணை வந்ததே, அப்போது எழுந்த எதிர்ப்பு "கட்டாய இந்தி"க்கு. அந்தத் தொடரில் மக்களை உறுத்தியது முதல் சொல்தான். 1940-இல் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆக, பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது பெரும்பாலும் விதியைக் காட்டும். "கட்டாயப்படுத்தினார்" என்று வினையாக்கியதும் ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறார். யார், யாரை, எதைச் செய்யச் சொல்லி என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மனுவுக்கு அது நல்லது.

"வற்புறுத்தல்" கொஞ்சம் மெலிந்த சொல். இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடுவதும் வற்புறுத்தல்தான். அதை மட்டும் எழுதினால், "ஆமாம், அவங்க நல்லதுக்குத்தான் எடுத்துச் சொன்னோம்" என்று அவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

"பலவந்தம்" என்றால் படிப்பவர் கண்ணில் கை பட்டதாகத் தோன்றும். "பலாத்காரம்" வேண்டவே வேண்டாம். பழைய எழுத்தில் அது பொதுவாக வன்முறையைக் குறித்தது. இன்று செய்தித்தாள் அதைப் பாலியல் வன்கொடுமைக்கே ஒதுக்கிவிட்டது. ஒரு பெண்ணின் மனுவில் தெரியாமல் அந்தச் சொல் விழுந்தால் விஷயமே வேறாகிவிடும்.

மிஞ்சுவது "நிர்ப்பந்தம்". அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆள் நெருக்கினாலும் நிர்ப்பந்தம், நிலைமை நெருக்கினாலும் நிர்ப்பந்தம். "குடும்ப நிர்ப்பந்தத்தால் படிப்பை நிறுத்தினான்" என்கிறோம், அங்கே குற்றவாளி என்று யாரும் இல்லை. அண்ணி விஷயத்தில் குற்றவாளி இருக்கிறார். அவர் வாக்கியத்துக்குள் தெரிய வேண்டும்.

---

ஒயிட்ஃபீல்ட் 2009:

நான் எச்.ஆரில் வேலை பார்ப்பவன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐடி பக்கத்தில் ஆட்குறைப்பு நடக்கும்போது, பேசிப் பேசி மூன்று மாதச் சம்பளம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, ரிலீவிங் லெட்டரில் நல்ல வார்த்தை போடச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே "கட்டாயப்படுத்தி வாங்கினார்கள்" என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் மனசில்லாமல் செய்கிற எல்லாமே கட்டாயம் ஆகிவிடாது. வாடகை ஏறினால் மனசில்லாமல்தான் வீடு மாறுகிறோம். அதைக் கட்டாயம் என்று யாராவது புகார் கொடுப்பார்களா?

சொல்லை இஷ்டத்துக்கு அகலப்படுத்தினால், உண்மையிலேயே நெருக்கப்பட்டவர் வந்து நிற்கும்போது அது அவருக்கு உதவாது. அதனால்தான் சொல்கிறேன். உங்கள் அண்ணி பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை.

---

சிவாஜிநகர் பையன்:

சார், மூணு மாசச் சம்பளம் பேசி வாங்குறவங்களும், தன் சம்பளமே வருமா வராதான்னு நிக்கிறவங்களும் ஒண்ணா?

---

பழைய வாத்தியார், ஜாலஹள்ளி:

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. "நாங்கள் கேட்டோம், அவர்கள் கொடுத்தார்கள்" என்ற பேச்சு புதிதில்லை. கேட்கிறவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வைத்திருக்கிறார்.

*வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்*
*கோலொடு நின்றான் இரவு.*

வழிப்பறிக்காரன் வேலோடு நின்று "கொடு" என்கிறான். அரசன் செங்கோலோடு நின்று "கொடுங்கள்" என்று கேட்கிறான். வார்த்தையைப் பார்த்தால் இரண்டாவது வெறும் வேண்டுகோள், "இரவு" என்றே குறளில் இருக்கிறது. இரப்பவன் கேட்பது போன்ற கேட்டல். ஆனால் கையில் கோல் இருக்கிறவன் கேட்டால் அது வேலுக்குச் சமம் என்கிறார். கோலை ஓங்க வேண்டாம், அடிக்க வேண்டாம். அது கையில் இருந்தாலே போதும்.

சூப்பர்வைசர் டீ கொடுத்துப் பேசினார் என்பதை வைத்து அண்ணன் குழம்ப வேண்டியதில்லை. அவர் கையில் சம்பளப் பட்டியல் இருந்தது.

---

அல்சூர்க்காரி:

ஐயா, இதை அப்படியே அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "கோல்னு சொன்னாரே, அது என் ஐடி கார்டு" என்றார். கார்டு இல்லாமல் மறுநாள் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே "கார்டைக் கழட்டி மேஜையில வைங்க" என்று சொல்லிவிட்டார்களாம். இதை முதலில் எனக்குச் சொல்லவில்லை.

---

மடிவாளா வக்கீல்:

அம்மா, இது முக்கியமான தகவல். கார்டை முதலில் வாங்கினார்கள், தாளை அப்புறம் நீட்டினார்கள் என்ற வரிசையை மனுவில் அப்படியே எழுதுங்கள்.

சட்டத்தின் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம் என்றால் அது சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும். எவையெல்லாம் அதைக் கெடுக்கும் என்று 15-ஆவது பிரிவிலிருந்து வரிசையாகச் சொல்கிறது. 15 நிர்ப்பந்தம்: குற்றச் சட்டம் தடுக்கிற செயலைச் செய்வது, செய்வேன் என்பது, அல்லது ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பது, வைப்பேன் என்பது. 16 வேறு மாதிரி: ஒருவர் மனசை இன்னொருவர் ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்துகொண்டு, அந்த இடத்தைப் பயன்படுத்தி அநியாயமான ஆதாயம் அடைவது. அடி, உதை, கத்தி எதுவும் வேண்டியதில்லை. இப்படி வாங்கிய சம்மதத்தை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்தாக்கலாம். வேலை விலகல் கடித வழக்குகளிலும் வாதம் இந்தத் தடத்தில்தான் போகும். ஆனால் நிர்ப்பந்தம் நடந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு சொல்கிறவர் தலையில்தான். அதனால்தான் விவரம் விவரமாகக் கேட்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட் நண்பர் போட்ட கோடு நியாயமானது. அதையே நானும் போடுகிறேன், ஆனால் இன்னொரு இடத்தில். கையெழுத்துக்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். இல்லாத ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் அது பேரம், மனசில்லாவிட்டாலும் பேரம்தான். அண்ணிக்குக் கொடுப்பதாகச் சொன்னது என்ன? செய்து முடித்த வேலைக்கான சம்பளம். அது ஏற்கெனவே அவருடையது. வேலையிலிருந்து நீக்கினாலும் சரி, அவராக விலகினாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அந்தத் தொகுப்பும் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆக, "வெள்ளிக்கிழமை ஏறிடும்" என்பது சலுகையே இல்லை. அவர் பணத்தை அவருக்கே விலை பேசியிருக்கிறார்கள்.

ஏன் ராஜினாமாவாக எழுதி வாங்குகிறார்கள் என்பதையும் அண்ணனுக்குச் சொல்லுங்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம் தர வேண்டும். அதற்கு மேல் வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஏழு வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள். தானாக விலகினார் என்று ஒரு தாள் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. அந்தத் தாளின் விலை அதுதான்.

பணிக்கொடை தனி. ஐந்து வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

---

ஒயிட்ஃபீல்ட் 2009:

வக்கீல் சார் போட்ட கோட்டில் எனக்கு மறுப்பு இல்லை. சேர வேண்டிய சம்பளத்தை வைத்துக்கொண்டு கையெழுத்து கேட்டால், எங்கள் துறையிலும் அதற்குக் கட்டாயம் என்றுதான் பெயர். ஐடி கார்டை முதலில் வாங்குவதெல்லாம் எந்தக் கொள்கைப் புத்தகத்திலும் இருக்காது.

ஆனால் பிஐபி என்னும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் போட்டு, இலக்கு முடிக்காதவரிடம் "நீங்களே விலகிவிடுவது நல்லது" என்று சொல்வதையும் இதே சொல்லால் அழைக்கிறார்களே, அதை நான் ஏற்கவில்லை.

---

எலக்ட்ரானிக் சிட்டி டெஸ்டர்:

ஏற்காமல் இருங்கள் சார், ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எட்ட முடியாத இலக்கைக் கொடுத்து, முப்பது நாளில் முடி என்று சொல்லி, "டெர்மினேஷன் என்று லெட்டரில் வந்தால் அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வாய்" என்று பக்குவமாகச் சொல்வார்கள். அங்கே கையில் இருக்கும் கோல் ரிலீவிங் லெட்டர். நான் வேலை செய்த இடத்தில் என் டீமில் பாதிப் பேர் இப்படித்தான் போனார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை.

---

மடிவாளா வக்கீல்:

பிஐபியை எடுத்தவுடன் கட்டாயம் என்று சொல்ல முடியாது, எடுத்தவுடன் இல்லை என்றும் சொல்ல முடியாது. இலக்கு நிஜமானதா, மதிப்பீடு அதற்கு முன் எப்படி இருந்தது, ஒரே வாரத்தில் எத்தனை பேருக்கு அது வந்தது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பதவிப் பெயர் "மேனேஜர்" என்று இருப்பதால் சட்டப்படி தாங்கள் தொழிலாளி இல்லை என்று நினைத்து, புகார் கொடுக்காமல் நிறையப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பெயரைவிட, அன்றாடம் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். அதைத் தனியாகப் பேசலாம், இங்கே ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் மனுவை முடிப்போம். அவர் தொழிலாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

---

முனீர்க்காவிலிருந்து வந்தவர்:

நான் வேலை பார்த்ததெல்லாம் டெல்லியில், ஓய்வுக்குப் பிறகு மகன் வீடு என்று பெங்களூருக்கு வந்தேன். இந்த இழையைப் படித்ததும் 1982 ஆசிய விளையாட்டு நேரம் ஞாபகம் வந்தது. டெல்லி முழுக்க ஸ்டேடியம், மேம்பாலம், ஹோட்டல் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்தவர்கள் வெளி மாநிலத்துக்காரர்கள். ஜமாதார் என்னும் மேஸ்திரிகள் மூலம் வந்தவர்கள். ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொள்வார், கைக்கு 8 ரூபாய் 25 காசு.

மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று இதை நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதமாக எழுதியது. அந்தக் கடிதமே உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. "யாரும் இவர்களைக் கட்டிவைத்து வேலை வாங்கவில்லையே, அவர்களாகத்தானே வந்தார்கள்" என்பதுதான் அங்கேயும் கேள்வி. தீர்ப்பு சொன்னதன் சாரம் இது: கட்டாயம் என்பது உடல் பலத்தால் மட்டும் வருவதில்லை, சட்டத்தைக் காட்டியும் வரலாம். பசியும் வறுமையும் ஒருவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்து, கிடைத்ததை ஏற்க வைத்தால் அதுவும் கட்டாயம்தான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், ஏதோ ஒரு நெருக்குதல் இல்லாமல் அப்படிச் செய்யமாட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாளுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயில்தான் "கட்டாயம்" என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் பொருள் விரிந்தது.

---

ஒயிட்ஃபீல்ட் 2009:

ஐயா, அப்படிப் பார்த்தால் வறுமையில் இருக்கிற யார் எந்த வேலையை ஏற்றாலும் கட்டாயம் ஆகிவிடாதா?

---

முனீர்க்காவிலிருந்து வந்தவர்:

ஆகாது. நீதிமன்றம் அங்கே குறைந்தபட்சக் கூலியைக் கோடாக வைத்தது. சட்டம் உனக்கு என்று ஒதுக்கியதற்குக் கீழே உன்னைத் தள்ளினால் கட்டாயம். மேலே இருந்தால் உன் பாடு, உன் பேச்சு. வக்கீல் சார் சம்பளப் பாக்கியில் போட்ட கோடும் இதுவேதான்.

இன்னொன்று. "ராஜினாமா" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். பாரசீகத்திலிருந்து வந்தது. ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் பத்திரம். டெல்லி கோர்ட்டு வாசலில் இன்றும் ராஜிநாமா என்றால் இரு தரப்பும் ஒத்துப்போய் எழுதும் சமரசப் பத்திரம். நம் ஊரிலும் சண்டைக்காரர்கள் "ராஜி பண்ணிக்கிட்டாங்க" என்கிறோமே, அதே ராஜிதான். மராத்தி, கன்னடம், தமிழ் மூன்றிலும் அது வேலையை விடுவதற்கு வந்து சேர்ந்திருக்கிறது. சம்மதப் பத்திரம் என்றே பெயர் வைத்த தாளில் சம்மதம் இல்லாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "கட்டாய ராஜினாமா" என்று செய்தித்தாள் எழுதும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

---

பத்திர எழுத்தர்:

ஓசூரில் பத்திரம் எழுதும் தொழில் செய்கிறேன், வாரம் பாதி பெங்களூரில்தான். எங்கள் பத்திரத்தில் ஒரு வரி வழிவழியாக வரும்: "யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, சுய நினைவுடன், முழு மனச்சம்மதத்தின் பேரில் எழுதிக் கொடுத்த..." ஆயிரம் பேருக்கு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போடுபவருக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று என் குரு சொல்லிக்கொடுத்தார். படிக்கும்போது முகத்தைப் பார்க்கச் சொல்வார். அப்பா பெயரில் இருக்கும் நிலத்தை மகன் எழுதி வாங்கும்போது அந்த வரியில் சில பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட பத்திரத்தை இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மனுவுக்கு ஒரு யோசனை. அந்த வரியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தாளை எழுதியது யார்? அண்ணி எழுதவில்லை, டைப் அடித்து வைத்திருந்தார்கள். மொழி அவருக்குத் தெரிந்ததா? தெரியாது. யோசிக்க நேரம் கொடுத்தார்களா? வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டாரா? கூட வேறு யாராவது இருக்க விட்டார்களா? நகல் கொடுத்தார்களா? பதிலை எழுதினாலே போதும். "கட்டாயம்" என்ற சொல்லை நீங்கள் ஒருமுறைகூடப் போடாவிட்டாலும் படிக்கிற அதிகாரி அதைச் சொல்லிக்கொள்வார்.

---

பழைய வாத்தியார், ஜாலஹள்ளி:

அருமையாகச் சொன்னீர்கள். "வெட்டி" என்ற சொல் நினைவுக்கு வருகிறது. இன்று வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை என்றால் பயனில்லாதது. சோழர் காலக் கல்வெட்டில் வெட்டி என்பது கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்பு, வரிகளோடு வரியாக அதையும் பொறித்திருக்கிறார்கள். கன்னடத்தில் அதுவே "பிட்டி" என்று இருக்கிறது. கல்லில் வெட்டியவர்கள் யாரும் நிர்ப்பந்தம் என்ற சொல்லை எழுதவில்லை, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதினார்கள்.

---

கன்னடத்து மருமகள்:

மொழிபெயர்ப்புக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை அக்கா. எங்கள் வீட்டில் இரண்டு மொழியும் ஓடுவதால் இது தினமும் இடிக்கும் இடம். தமிழ் "கட்டாயம்" பார்க்க கன்னட "கட்டாய" மாதிரியே இருக்கும். ஆனால் கன்னடத்தில் அது விதிப்படி கட்டாயம் என்பதோடு நின்றுவிடும். ஹெல்மெட் கட்டாய, கன்னடம் கட்டாய, அவ்வளவுதான். "கட்டாயவாகி சஹி மாடிஸிகொண்டரு" என்று எழுதினால், கையெழுத்து விதிப்படி தேவை, அதனால் வாங்கினார்கள் என்று அர்த்தம் போய்விடும். அது அவர்களுக்கே சாதகம்.

"ஒத்தாய" என்றால் அழுத்திக் கேட்பது, நம் வற்புறுத்தலுக்கும் வலியுறுத்தலுக்கும் நடுவில். நீங்கள் எழுத வேண்டியது "பலவந்தவாகி". தமிழில் பலவந்தம் என்றால் கை பட்ட மாதிரி இருக்கும் என்று ஐயா சொன்னார், கன்னடத்தில் அப்படி இல்லை. கன்னடச் செய்தித்தாளில் "பலவந்தத ராஜீனாமே" என்றுதான் வரும். தமிழில் ஒரு சொல், கன்னடத்தில் இன்னொரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதியைப் பார்த்து நேராக மாற்றாதீர்கள்.

---

அல்சூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்திர எழுத்தர் அண்ணா கேட்ட கேள்விகளை நேற்று ராத்திரி அண்ணியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். செல்போனை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். "வீட்டுக்காரரைக் கேட்டுட்டு நாளைக்குப் போடறேன்" என்று அண்ணி சொன்னாராம். "நாளைக்கு இந்த லிஸ்ட் குளோஸ் ஆயிடும்" என்று பதில். வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், உள்ளே போய் வந்தவர்கள் யாரும் பேசாமல் போனார்கள். அண்ணி தமிழில்தான் கையெழுத்துப் போட்டார், தாளின் மற்ற பாகம் என்னவென்று இன்றுவரை தெரியாது. நகல் கொடுக்கவில்லை.

இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"என் அடையாள அட்டையையும் செல்போனையும் முதலில் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில், அவர்களே தயாரித்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால்தான் நான் ஏற்கெனவே வேலை செய்த மாதத்தின் சம்பளம் வரும் என்றார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வர அவகாசம் கேட்டேன், மறுத்தார்கள். வேலையை விடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இப்படிக் கட்டாயப்படுத்தி என்னிடம் எழுதி வாங்கிய ராஜினாமாவை நான் ஏற்கவில்லை. என்னை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும்."

கட்டாயப்படுத்தி என்ற சொல்லைக் கடைசியில் ஒரே ஒரு இடத்தில் வைத்தேன். அண்ணி இதைப் படிக்கக் கேட்டுவிட்டு, "ஆமா, இதான் நடந்துச்சு" என்றார். அண்ணனும் இப்போது எதுவும் சொல்லவில்லை, கூட வருகிறேன் என்கிறார்.

---

பழைய வாத்தியார், ஜாலஹள்ளி:

ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் அம்மா. "எழுதி வாங்கிய" என்பது உங்கள் அண்ணியின் சொல். அதை வைத்தீர்களே, மிகவும் சந்தோஷம்.

---

மடிவாளா வக்கீல்:

நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கைகள். "நான் ஏற்கவில்லை" என்பதற்குப் பக்கத்தில் "அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்றும் எழுதுங்கள். அப்புறம், "மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும், இல்லையெனில் நோட்டீஸ் சம்பளம், ஆட்குறைப்பு நஷ்டஈடு, பணிக்கொடை தர வேண்டும்" என்று மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள். மனுவை ஒப்பந்ததாரருக்கும், டெக் பார்க்கில் அவர் வேலை செய்த கம்பெனிக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் அங்கே வேலை வாங்கிய நிறுவனம் தர வேண்டும். இரண்டுக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. காலம் தாழ்த்த வேண்டாம், தாமதமான ஒவ்வொரு வாரமும் "அப்போ ஏன் சும்மா இருந்தீங்க?" என்ற கேள்வியாகத் திரும்பி வரும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது சேர்ந்து வந்தால் ரொம்ப நல்லது. ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மாதிரி டைப் அடித்த தாளில் எல்லோருக்கும் ஒரே "சொந்தக் காரணம்" எப்படி வந்தது என்று கேட்டாலே போதும்.

---

கன்னடத்து மருமகள்:

கன்னடத்தில் நான் மாற்றித் தருகிறேன் அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பிவிடுகிறேன். பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனுக்குப் போகும்போது மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முத்திரை, தேதி போட்டு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். "விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்றால் அசையாதீர்கள்.

---

அல்சூர்க்காரி:

சரி. அண்ணியோடு வேலை பார்த்த நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தெலுங்கு, ஒருவர் ஒடியா. அவர்களுக்கும் இதே மனுவை அவரவர் மொழியில் படித்துச் சொல்ல ஆள் கிடைத்தால் சொல்லுங்கள்.

---

சிவாஜிநகர் பையன்:

தெலுங்குக்கு நான் வரேன் அக்கா. எங்க தெருவுல ஒடியா பசங்க இருக்காங்க, இன்னிக்கே கேட்டுட்டுச் சொல்றேன்.